கொல்லைப் பாதைக்கு எந்த சோலார் லைட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ப்பக்கத்து வீடுகளில் பின்கட்டுக் கதவைத் திறந்தால் கிணற்றடி, துவைக்கிற கல், மாட்டுக் கொட்டகை, அதையும் தாண்டிக் கழிப்பறை என்று கொல்லை நீண்டுகொண்டே போகும். வீட்டுக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும் அந்தப் பாதை மட்டும் இருட்டாகவே கிடக்கும். அதற்கு சோலார் லைட் வாங்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். காவிரி டெல்டா, கடலோர ஊர்கள் ஆகியவற்றின் வெயிலையும் அடைமழையையும் உப்புக்காற்றையும் மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. உள்மாவட்டத்துக்காரர்கள் உப்புக்காற்றுப் பகுதியைத் தாண்டிப் போகலாம்; மற்ற கணக்கெல்லாம் பொதுதான்.

பெட்டியில் "200 வாட்" என்று போட்டிருக்கிறது. விலையோ சில நூறு ரூபாய். நம்பலாமா?

வேண்டாம். ஸ்கேலை எடுத்துப் பேனலை அளந்து பாருங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1000 வாட். நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றும். அதாவது 200 வாட் கிடைக்க ஒரு சதுர மீட்டர் பேனல் வேண்டும். வாசற்கதவில் பாதி அளவு. 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள பேனலிலிருந்து உச்சி வெயிலில்கூட 2 வாட்டுக்கு மேல் வராது. எந்தக் கம்பெனி செய்தாலும் இதுதான் கதை.

பெட்டியில் வாட் எண்ணைக் கூச்சமே இல்லாமல் போடுகிறார்கள். பேனலின் நீள அகலத்தை மட்டும் யாராலும் கூட்டிச் சொல்ல முடியாது, அது கண்ணெதிரே இருக்கிறது. கடையில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அப்படியானால் வெளிச்சத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

சோலார் லைட்டின் வரவு செலவு எளிமையானது. பகலில் பேனல் சம்பாதிப்பதை பேட்டரி வைத்துக்கொள்கிறது, இரவில் எல்இடி செலவு செய்கிறது. இந்த மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் வெளிச்சத்தின் அளவு.

மண்ணில் குத்தி வைக்கும் மலிவான குச்சி விளக்கை எடுத்துக்கொள்வோம். உள்ளே பென்சில் செல் அளவில் ஒரே ஒரு ரீசார்ஜ் பேட்டரி இருக்கும்: 1.2 வோல்ட், 600 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி; அதாவது 0.6 ஆம்பியர்-மணி). இரண்டையும் பெருக்கினால் 0.72 வாட்-மணி. இரவு முழுக்க, 12 மணி நேரம், எரிய வேண்டுமென்றால் மணிக்கு 0.06 வாட்தான் செலவழிக்க முடியும். எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் (விளக்கு விடும் ஒளியின் அளவு) தருகிறது என்று தாராளமாக வைத்தாலும் 6 லூமன். பழைய 40 வாட் குண்டு பல்பு 400 லூமனுக்கு மேல் தந்தது. குச்சி விளக்கைக் குறை சொல்லவில்லை. பாதை எந்தப் பக்கம் போகிறது என்று அடையாளம் காட்டும், அவ்வளவுதான். காலடியில் கிடப்பது என்னவென்று காட்டாது.

இப்போது ஒரு நல்ல சுவர் விளக்கு. 18650 என்று சொல்லும் லித்தியம் செல் ஒன்று: 3.7 வோல்ட், 2000 எம்ஏஎச், ஆக 7.4 வாட்-மணி. 100 லூமனுக்கு 1 வாட் செலவு என்றால் 7 மணி நேரம் தாங்கும். அந்த செல்லை ஒரே பகலில் நிரப்ப 2 வாட் பேனல் வேண்டும். நம் ஊரில் முழு வெயிலுக்குச் சமமாக நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் கிடைக்கும். சூட்டிலும் சர்க்யூட்டிலும் போகும் சேதாரம் முப்பது சதவீதம் என்று கழித்தால் 7 வாட்-மணி வரும். கணக்கு நேராகிறது.

"1000 லூமன், விடிய விடிய எரியும்" என்று விளம்பரம் வந்தால் இதே வழியில் போட்டுப் பாருங்கள். 10 வாட், 12 மணி நேரம், 120 வாட்-மணி. அதற்கு அந்த மாதிரி செல் பதினாறும் 34 வாட் பேனலும் வேண்டும். அந்த அளவு பேனல் தெருவிளக்குக் கம்பத்தின் மேல்தான் நிற்கும், உங்கள் கொல்லைச் சுவரில் மாட்டும் விளக்கில் அல்ல.

நடக்கிற பாதைக்கு எத்தனை லூமன் போதும்?

லூமன் என்பது விளக்கு வெளியே விடும் ஒளி. தரையில் வந்து விழுவதை லக்ஸ் என்று அளப்பார்கள். பளிச்சென்ற பௌர்ணமி நிலவு தருவது ஏறத்தாழ கால் லக்ஸ். நடைபாதைக்கு 5 லக்ஸ் இருந்தால் தாராளம். முழங்கால் உயரத் தூண் விளக்கு ஒன்று தன்னைச் சுற்றி ஐந்தடிக்கு அந்த வெளிச்சம் தர வேண்டுமென்றால் 50 லூமனாவது வேண்டும். சுவரில் எட்டடி உயரத்தில் மாட்டி 20 அடி தூரத்துக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் 300 முதல் 500 லூமன். அதை இரவு முழுக்கத் தரச் சொல்லாதீர்கள். ஆள் வரும்போது மட்டும் தந்தால் போதும். சென்சார் கேள்வியில் விவரம் இருக்கிறது.

எண்கள் பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி. ஒன்றரை முழம் கறுப்பு ஹோஸ் பைப்பை இரவில் பாதையில் போட்டுவிட்டு, வீட்டில் வேறு யாரையாவது நடந்து வரச் சொல்லுங்கள். ஆறடிக்கு முன்பே அது தெரிகிறதென்றால் விளக்கு போதும். மிதித்த பிறகு தெரிந்தால் போதாது. கயிறா பாம்பா என்ற பழைய சந்தேகத்தைத் தீர்க்கத்தானே விளக்கே போடுகிறோம்.

சென்சார் உள்ளது வாங்கலாமா, தொடர்ந்து எரிவது வாங்கலாமா?

கொல்லைப் பாதைக்கு என் ஓட்டு சென்சாருக்கே. அதிலும் மூன்று வகை இயக்கம் உண்டு. ஆள் வந்தால் மட்டும் எரிவது ஒன்று. இரவெல்லாம் மங்கலாக எரிந்து, ஆள் வந்தால் பிரகாசமாவது இரண்டாவது. எப்போதும் ஒரே அளவில் எரிவது மூன்றாவது. இந்த இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முழு இருட்டில் கதவைத் திறந்து முதல் அடியை வைக்கும் அந்தக் கணத்தில் சிறு வெளிச்சமாவது இருக்கும்.

செலவைப் பாருங்கள். மங்கலாக 10 லூமன், 12 மணி நேரம்: 1.2 வாட்-மணி. இரவில் இருபது முறை யாரோ நடக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் 500 லூமன் அரை நிமிடம் எரிகிறது: மொத்தம் பத்து நிமிடம், 0.8 வாட்-மணி. இரண்டும் சேர்ந்து 2 வாட்-மணி. மேலே சொன்ன ஒரே 18650 செல், ஒரு சொட்டு வெயில் இல்லாமல் மூன்று இரவு தாங்கும். அதே செல்லில் 100 லூமன் தொடர்ந்து எரியவிட்டால் முதல் இரவே நடுச்சாமம் கழிந்ததும் அணைந்துவிடும். மழைக்காலத்தில் இந்த வித்தியாசம்தான் விளக்கு உண்டா இல்லையா என்பதையே முடிவு செய்கிறது.

சென்சார் போட்டும் பக்கத்தில் வந்த பிறகுதான் எரிகிறது. ஏன்?

இரண்டு காரணங்கள். பெரும்பாலான விளக்குகளில் இருப்பது பிஐஆர் சென்சார். உடம்புச் சூடு அதன் பார்வையைக் குறுக்கே கடக்கும்போது சட்டென்று பிடிக்கும். நேராக அதை நோக்கி நடந்து வந்தால் தாமதமாகத்தான் உணரும். பாதையின் கடைசியில் எதிர்த்தாற்போல் மாட்டாமல், பாதைக்குப் பக்கவாட்டில் மாட்டுங்கள்.

இன்னொன்று, கோடை. உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் அது பார்க்கிறது. கத்திரி வெயில் நாட்களில் இரவு எட்டு மணிக்கும் காற்று கொதித்துக்கொண்டிருக்கும்; வித்தியாசம் குறையும், எட்டும் தூரமும் குறையும். மார்கழியில் தானாகவே சரியாகிவிடும். விளக்கைக் கழற்றிக் கடையில் சண்டை போட வேண்டாம்.

நாய், பூனைக்கெல்லாம் எரிந்து பேட்டரி தீர்ந்துவிடுமா?

எரியும், ஆனால் தீராது. ஒரு தடவைக்கு அரை நிமிடம்தான். மாட்டுக் கொட்டகையைப் பார்த்தபடி மாட்டினால் மட்டும் கஷ்டம்; மாடு அசைந்துகொண்டே இருக்கும்.

எங்கள் கொல்லை முழுக்கத் தென்னை, வாழை. வெயிலே விழாது. சோலார் சரிப்படுமா?

விளக்கும் பேனலும் தனித்தனியாக வரும் வகையை வாங்குங்கள். நடுவில் மூன்று முதல் ஐந்து மீட்டர் வயர் இருக்கும். பேனல் மொட்டை மாடிக் கைப்பிடியிலோ ஓட்டுக்கூரையின் மேலோ வெயிலில் கிடக்கும், விளக்கு கீழே நிழலில் எரியும். கொல்லை இருக்கும் லட்சணத்துக்கு நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்த வகைதான் பொருத்தம். கடைக்காரர்கள் ஏனோ கடைசியாகத்தான் இதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

"கொஞ்சம் நிழல்தானே விழுகிறது" என்று விட்டுவிடாதீர்கள். பேனலுக்குள் சிறு சிறு செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் மேல் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் மின்னோட்டம் முழுவதும் அந்த ஒன்றின் அளவுக்குச் சுருங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு நிழலுக்குப் பாதி உற்பத்தியே போவதும் உண்டு. பெரிய கூரைப் பேனல்களில் இதைச் சமாளிக்க டயோடு இருக்கும். இந்தச் சின்னப் பேனல்களில் பொதுவாக இருக்காது.

தனிப் பேனல் வகையில் இன்னொரு லாபம், பேட்டரி விளக்குக்குள் நிழலில் இருக்கும். பேனலும் பேட்டரியும் ஒட்டியே இருக்கும் விளக்குகளில் சித்திரை வெயிலில் உள்சூடு மிக ஏறும். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஆவது லித்தியம் பேட்டரிக்கு ஆகாது.

பேனலை எந்தத் திசையில் திருப்ப வேண்டும்?

தெற்கே பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வு. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 முதல் 14 டிகிரிக்குள் இருக்கிறது. அதனால் பெரிய சாய்வு வேண்டாம். ஆனால் சாய்வே இல்லாமல் படுக்க வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கித் தூசி படிந்துவிடும்.

வீட்டுக்கு வடபுறம் கொல்லை உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆனி மாதத்தில் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே போகும். அப்போது பின்சுவரில் வெயில் நன்றாக விழும். அதைப் பார்த்து விளக்கை மாட்டிவிடுவார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்துவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் நண்பகலிலேயே தரையிலிருந்து 56 டிகிரி உயரம்தான். 12 அடி உயர வீட்டின் நிழல் அப்போது உச்சி வேளையிலும் வடக்கே எட்டடி நீளும். மழையும் மேகமுமாக இருக்கும் மாதங்களில் மிச்ச வெயிலையும் வீட்டு நிழல் தின்றுவிடும். வடபுறக் கொல்லை என்றால் பேனல் கூரைக்கு மேல் போவதே வழி.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எரியுமா?

நேர்மையான பதில்: நல்ல விளக்கு மங்கலாக எரியும், மட்டமானது எரியாது. மூடிய வானத்தில் பேனல் உற்பத்தி கால்வாசிக்கும் கீழே இறங்கும். கறுத்து இருண்ட நாளில் பத்து சதவீதம்கூடத் தேறாது. வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து மூன்று நான்கு நாள் சூரியனைப் பார்க்காமல் இருப்பது டெல்டாவில் புதிதல்ல. அதனால்தான் ஒரே இரவுக்கு அளவெடுத்த பேட்டரி போதாது என்கிறேன். மூன்று இரவு தாங்கும் கணக்கு வேண்டும். மழை மாதங்களில் ஸ்விட்சைத் தொடர்ந்து எரியும் இயக்கத்திலிருந்து சென்சார் இயக்கத்துக்கு மாற்றி வையுங்கள். கதவருகே ஆணியில் ஒரு டார்ச் தொங்கட்டும். அது எப்போதும் வேண்டும்.

ஐபி 44, ஐபி 65, ஐபி 67: எது வேண்டும்?

ஐபி என்பது விளக்கின் உடம்பு எதைத் தாங்கும் என்று சொல்லும் தர எண். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 44 தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், தாழ்வாரத்துக்குச் சரி. திறந்தவெளிச் சுவருக்கு ஐபி 65: தூசி புகாது, பீய்ச்சி அடிக்கும் தண்ணீரையும் தாங்கும். தரையோடு தரையாகப் பதிக்கும் விளக்குக்கும், மழைக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் கொல்லைக்கும் ஐபி 67. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்க வேண்டும் என்பது அதன் சோதனை. அரை மணி நேரம்தான், இரண்டு நாள் அல்ல. தண்ணீர் தேங்கும் இடத்தில் தரை விளக்கையே தவிர்த்துச் சுவருக்கோ கம்பத்துக்கோ போய்விடுவது புத்திசாலித்தனம்.

பெட்டியில் அச்சடித்த ஐபி எண்ணை மட்டும் நம்பாமல் மூடியைத் திறந்து பாருங்கள். விளிம்பைச் சுற்றி ரப்பர் வாஷர் இருக்கிறதா? வயர் நுழையும் துளையில் ரப்பர் பிடிப்பு இருக்கிறதா? ஸ்விட்சின் மேல் உறை இருக்கிறதா? மூன்றும் இல்லாவிட்டால் எண் வெறும் எண்.

சிலிக்கான் பேஸ்ட் வைத்து முழுவதும் அடைத்துவிடலாமா?

மேல்பக்கத்து இடுக்குகளை அடைக்கலாம். அடியில் உள்ள சிறு துளையை விட்டுவிடுங்கள். உள்ளே வேர்க்கும் ஈரம் வெளியேற வழி அதுதான்.

சோலார் லைட்டில் எது முதலில் கெடும்?

பேட்டரி. எல்லோரும் எல்இடி போய்விட்டது என்று நினைத்து விளக்கையே தூக்கிப் போடுகிறார்கள். எல்இடி கடைசியாகச் சாகும் உறுப்பு. ஓர் இரவுக்கு ஒரு சார்ஜ் சுற்று என்றால் வருடத்துக்கு 365 சுற்று. சாதாரண லித்தியம் அயன் செல் 500 சுற்று வரை தெம்பாக இருக்கும். அதாவது ஒன்றரை வருடத்துக்கும் குறைவு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, பெட்டியில் "எல்எஃப்பி" என்றோ 3.2 வோல்ட் என்றோ போட்டிருக்கும், 2000 சுற்று வரை போகும். கணக்குக்கு ஐந்து வருடம். சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். நம் வெயிலுக்கு அதுதான் சரி. விலை கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம்.

சென்சார் விளக்கு தினமும் பேட்டரியில் கால்வாசியை மட்டும் காலி செய்வதால் அதன் ஆயுள் இந்தக் கணக்கையும் தாண்டும்.

அடுத்துக் கெடுவது பேனலின் முகம். மலிவான பேனல்களில் மேலே பிசின் பூச்சு இருக்கும். இரண்டு கோடை கண்டால் அது பால் போல் வெளுத்துவிடும். வெயில் உள்ளே போகாது. கண்ணாடி பதித்த பேனல் வெளுக்காது. நகத்தால் தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாவது, ஸ்விட்சும் பேட்டரி முனைகளும் துருப்பிடிப்பது.

பேட்டரியை நாமே மாற்றலாமா?

ஸ்க்ரூ போட்ட மூடியாக இருந்தால் தாராளமாக. வாங்கும்போதே இதைப் பாருங்கள். பசை வைத்து ஒட்டிய விளக்கை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. பேட்டரி போனால் விளக்கும் போயிற்று.

மாற்றும்போது பழைய செல்லின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதே வகையும் அதே வோல்ட்டும் போட வேண்டும். 3.2 வோல்ட் செல் இருந்த இடத்தில் 3.7 வோல்ட் செல்லோ, அதற்கு நேர்மாறாகவோ போடக்கூடாது. முதலாவது சரியாக நிறையாது. இரண்டாவதில் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும், ஆபத்து. 1.2 வோல்ட் குச்சி விளக்கில் டிவி ரிமோட்டுக்குப் போடும் சாதாரண பென்சில் செல்லைப் போடுகிறார்கள். அது சார்ஜ் ஏற்றுவதற்கான செல் அல்ல. கசிந்து முனைகளை அரித்துவிடும்.

9900 எம்ஏஎச் என்று எழுதிய 18650 செல் மலிவாகக் கிடைக்கிறதே?

அந்த அளவு உருளைக்குள் 3500 எம்ஏஎச் சுற்றிதான் உச்சம். அதைவிட வெகுவாகக் கூடுதலாக எண் போட்டிருந்தால் எழுதியவர் பொய் சொல்கிறார். எடை போட்டும் கண்டுபிடிக்கலாம்: உண்மையான செல் 45 கிராம் அளவில் இருக்கும். மளிகைக்கடை டிஜிட்டல் தராசு போதும்.

கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு. எந்த உடம்பு தாங்கும்?

நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி மாதிரி ஊர்களில் இரும்பு உடம்பை நினைத்தும் பார்க்காதீர்கள். "ஸ்டெயின்லெஸ்" என்று பொதுவாகச் சொல்வார்கள். உப்புக்காற்றுக்கு 316 வகை தாங்கும், 304 வகையில் கொஞ்ச நாளில் பழுப்புப் புள்ளி வரும், மட்டமான வகை துருவே பிடிக்கும். பவுடர் கோட்டிங் செய்த அலுமினியம் நல்லது, கீறல் விழாத வரை. கடலோரத்துக்கு என் தேர்வு கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அழகு குறைவு, ஆயுள் அதிகம். சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகி மொறமொறவென்று ஒடியும். எதுவானாலும் சுவரில் அடிக்கும் ஸ்க்ரூ துருப்பிடிக்காததாக இருக்கட்டும். விளக்கோடு வரும் ஸ்க்ரூ பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. பேட்டரி முனைகளில் சிறிது வாசலின் தடவி வைப்பது பலன் தரும்.

வெள்ளை வெளிச்சமா, மஞ்சளா?

மஞ்சள். பெட்டியில் ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் குறிப்பார்கள்; 2700 முதல் 3000 கெல்வின். 6500 கெல்வின் வெள்ளை கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றும், கூடவே பூச்சியையும் இழுக்கும். நீல ஒளி குறையக் குறைய ஈசல், வண்டு வருவதும் குறையும். பூச்சி வந்தால் பல்லியும் தவளையும் வரும். அவை வந்தால் பின்னால் யார் வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

விளக்கு எரிந்தால் பாம்பு வராது என்கிறார்களே?

தவறு. விளக்குக்குப் பாம்பு பயப்படாது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கண்ணாடி விரியனும் பெரும்பாலும் அப்படியே. வெளிச்சம் பாம்பை விரட்டாது, நீங்கள் அதை மிதிக்காமல் காப்பாற்றும், அவ்வளவுதான். பாம்பு வராமலிருக்க வேண்டுமென்றால் பாதை ஓரத்து விறகுக் குவியலையும் தேங்காய் மட்டைக் குவியலையும் அப்புறப்படுத்துங்கள், எலி வளையை மூடுங்கள், புல்லை ஒட்ட வெட்டுங்கள்.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் நேரே விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும். 108க்கு அழைக்கலாம்.

அறுபது அடிப் பாதைக்கு எத்தனை விளக்கு? எங்கெங்கே?

பன்னிரண்டு குச்சி விளக்கை இரு பக்கமும் நட்டு கல்யாண வீடு மாதிரி ஆக்குவதைவிட, நாலைந்து நல்ல விளக்கு போதும். சமையலறைப் பின்சுவரில் எட்டடி உயரத்தில் ஒரு சென்சார் விளக்கு. மறுமுனையில் கொட்டகையிலோ கழிப்பறைச் சுவரிலோ இன்னொன்று. இவை இரண்டும் தலைக்குப் பதினைந்து இருபது அடி பார்த்துக்கொள்ளும். நடுவில் மிஞ்சும் இருபது முப்பது அடிக்கு, முழங்கால் உயரத் தூண் விளக்கு மூன்று, ஏழெட்டு அடி இடைவெளியில், ஒன்று இடப்பக்கம் அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி.

தூண் விளக்குக்கு மேலே மூடி இருந்து ஒளி கீழ்நோக்கி மட்டும் விழ வேண்டும். கண் மட்டத்தில் எல்இடி நேராகத் தெரிந்தால் கண் கூசும்; கூசிய கண்ணுக்கு அடுத்த அடி இன்னும் இருட்டாகத் தெரியும். சுவர் விளக்கையும் தரையை நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள், பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலை நோக்கி அல்ல.

கரண்ட் லைட்டே போட்டுவிடலாமே? எது லாபம்?

பணக் கணக்குப் பார்த்தால் கரண்ட் லைட்தான் லாபம். 9 வாட் எல்இடி பல்பு இரவுக்கு 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஆறரை யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வெளிச்சமோ 800 லூமனுக்கு மேல். "கரண்ட் பில் குறையும்" என்று சொல்லி சோலார் லைட் விற்பவர் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.

சோலாரின் பலம் வேறு. அறுபது அடிக்குப் பள்ளம் தோண்டிப் பைப்பில் வயர் இழுக்க வேண்டாம். கிணற்றடி ஈரத்தில் ஷாக் அடிக்கும் என்ற பயம் இல்லை. கரண்ட் போனாலும் எரியும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வசதி இருந்தால் கதவருகே கரண்ட் பல்பு ஒன்று, பாதைக்கு சோலார் என்று கலந்து போடுங்கள். வெளியே கரண்ட் வயர் போகிறதென்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம்.

மத்திய அரசின் சோலார் மானியம் இதற்குக் கிடைக்குமா?

கிடைக்காது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூரிய கர் திட்டம் வீட்டுக் கூரையில் அமைத்து மின்வாரிய இணைப்போடு சேர்க்கும் பேனல்களுக்கானது.

புதிதாக வாங்கிய விளக்கு எரியவே இல்லை. என்ன செய்வது?

பேட்டரியின் முனையில் பிளாஸ்டிக் தாள் செருகியிருப்பார்கள், அதை இழுத்தீர்களா என்று பாருங்கள். அடுத்து ஸ்விட்ச். அதற்கும் எரியாவிட்டால் பேனலைத் துணியால் முழுவதும் மூடுங்கள், இருட்டினால்தான் எரியும். கடையிலும் இப்படித்தான் சோதித்து வாங்க வேண்டும். தெருவிளக்கோ பக்கத்து வீட்டு ஃபோகஸ் லைட்டோ பேனல் மேல் அடித்தால் அது பகல் என்று நினைத்து எரியாமல் இருக்கும். சற்றுத் திருப்பி வையுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் ஸ்விட்சை ஆஃப் செய்து இரண்டு முழு நாள் வெயிலில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

துடைக்க வேண்டுமா?

மாதம் ஒரு முறை, காலையில் பேனல் சூடாவதற்கு முன். ஈரத்துணி போதும், சோப்புத் தூள், தேங்காய் நார் ஆகாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் படியும். மழைநீரோ குடிநீரோ பயன்படுத்துங்கள். காக்கை எச்சத்தை மட்டும் மாதக் கணக்குப் பார்க்காமல் கண்டவுடன் துடையுங்கள். நிழலைப் பற்றிச் சொன்னது எச்சத்துக்கும் பொருந்தும்.

செத்துப்போன பேட்டரியை என்ன செய்வது?

குப்பையோடு சேர்த்துக் கொளுத்தக் கூடாது. லித்தியம் செல் தீயில் வெடிக்கும். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்கள் பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கக் கடமைப்பட்டவர்கள். வாங்கிய கடையில் கேளுங்கள். இல்லையென்றால் இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு விளக்குக்குத்தான் காசு இருக்கிறது. எங்கே மாட்டுவது?

கதவருகே மாட்டத் தோன்றும், அங்கே வேண்டாம். வீட்டு வெளிச்சமே நாலடிக்கு வரும். பாதையில் படி, கிணற்றுத் திட்டு, வாய்க்கால் தாண்டும் பலகை என்று கால் இடறும் இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். அங்கே, பாதைக்குப் பக்கவாட்டில், மங்கல்-பிரகாசம் என்று மாறும் சென்சார் விளக்கு ஒன்று. சுவர் இல்லையென்றால் ஆறேழு அடி ஜிஐ பைப்பை ஊன்றி அதில் பிடித்துவிடுங்கள். பேனலுக்கும் வெயில் கிடைக்கும்.